துப்பரவாக்கிய பைன் தோட்டம்

அஜின்கோர்ட், கனடா,
மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

என் அன்பு மகள் நிரூபாவுக்கு அம்மா எழுதுவது.

மாதாவின் துணையால் இந்தப் பனிக்குள்ளும் இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம், என் வலது முழங்கால் மட்டும் என்னோடு கோபம். நீயும் அந்த மழைக்குள் காய்ச்சல், அட்டைக்கடி ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று அறிந்தால்தான் எங்கள் சுகம் முழுச் சுகம். முதலில் பிள்ளைகளின் நல்ல செய்திகளைச் சொல்கிறேன், அதைச் சொல்லாமல் வேறு எதையும் எழுத எனக்குக் கை வராது. அண்ணாவின் மூத்தவன் நிதுசன் எலெக்ட்ரீசியன் வேலைக்கான கடைசிச் சோதனையும் பாஸ் பண்ணி லைசென்ஸ் எடுத்துவிட்டான். பிக்கரிங்கில் புதிதாகக் கட்டுகிற வீடுகளுக்கு அவன்தான் வயர் இழுக்கிறான், அந்தப் பக்கம் காரில் போனால் இது நான் வெளிச்சம் குடுத்த வீடு அப்பம்மா என்று ஒவ்வொன்றாய்க் கை காட்டுகிறான். அவன் தங்கச்சி ஏஞ்சலாவுக்கு நேர்ஸிங் படிக்க இரண்டு யூனிவேர்சிற்றியில் இடம் கிடைத்திருக்கிறது, எது கிட்ட என்று தாய் றீற்றா பார்க்கிறாள், எது தூரம் என்று மகள் பார்க்கிறாள். சின்னவன் மரியோ நீச்சலில் வெள்ளிப் பதக்கம் எடுத்தான். அதைவிட எனக்குப் பெரிது, போன ஞாயிறு தமிழ்ப் பூசையில் முதலாம் வாசகத்தை ஒரு இடத்திலும் தடக்காமல் தமிழில் வாசித்தான், எனக்கு முன்னுக்கு இருந்த மனுசி திரும்பி, உங்கட பேரனோ என்று கேட்டது. உன்னையும் நான் விடவில்லை. போர்னியோவில் கடதாசி செய்வதற்காக நட்ட மரத்தோட்டங்களுக்கு நடுவில், ஆற்றங்கரைக் காட்டை வெட்டாமல் விடக் கம்பனிக்காரர் ஒத்துக்கொண்டது என் மகளால்தான், அந்தக் காடு இருப்பதால்தான் தேன் தின்னும் சின்னக் கரடியும் அழுங்கும் ஒரு பக்கத்தில் இருந்து மற்றப் பக்கத்துக்குப் போகலாம் என்று, மரக்கறிக் கடையில் வரிசையில் நிற்கிறவர்களுக்கெல்லாம் சொல்லுகிறேன். அன்றைக்கு ஒருத்தி, அன்ரி உங்கட மகள் மிருக டொக்டரோ என்றாள். ஓம் பிள்ளை, பெரிய டொக்டர்தான், ஆனால் ஊசி போடுறேல்லை என்றேன்.

இனி, நீ கேட்க விரும்பாத கதைக்கு வருகிறேன். நீ சனிக்கிழமைகளில் ரவுணுக்கு வந்து போன் எடுக்கிறாய், நான் அண்ணாவின் பெயரைச் சொன்னவுடன் அம்மா லைன் சரியில்லை என்று வைத்துவிடுகிறாய். எவ்வளவு காலமாய் அந்த ஒரு பெயருக்கு மட்டும் லைன் சரியில்லாமல் போகிறது என்று எனக்கு விளங்காதா. அதனால்தான் கடிதம். இதை நீ வைக்க முடியாது, கிழிப்பதென்றாலும் வாசித்துவிட்டுத்தான் கிழிப்பாய், உன்னை எனக்குத் தெரியும்.

நடந்ததை நீ உன் பக்கத்தில் இருந்து பார்த்தாய், நான் அவன் பக்கத்தில் நின்று பார்த்தேன், அதைக் கேள். பீற்றர்பரோவுக்கு அப்பால் அந்தப் பைன் காணியை அவன் வாங்கியதும், போன கோடையில் நீ லீவில் வந்து அங்கே குப்புறப் படுத்துக் கிடந்து முள்ளம்பன்றியைப் பார்த்ததும், எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. யாரோ ஒருவர் அறுபது வருடத்துக்கு முதல் பலகைக்கென்று வரிசை வரிசையாய் நட்ட மரங்கள், ஓரத்தில் தானாய் முளைத்த கிழ மேப்பிள் ஒன்று, அதன் பொந்துக்குள்தான் அது இருந்தது. சின்னப் பிள்ளை மாதிரி ஓடி வந்து, அம்மா, இது மரத்தில ஏறுற முள்ளம்பன்றி, வாங்கோ பாருங்கோ என்று கையைப் பிடித்து இழுத்தாய். போகிற அன்றைக்கு, கார் ஏறுகிற நேரத்தில் அண்ணாவிடம், பைன் மரத்தை வெட்டி வில், அது விக்கத்தான் நட்டது, ஆனால் காட்டை நல்லாய் வைச்சிரு அண்ணா, அதுகள் இருக்கிறதுக்கு என்று சொன்னாய். அவனும் ஓமோம் என்றான். நீ என்ன நினைத்துச் சொன்னாயோ, எங்கள் ஆட்களுக்குக் காணியை நல்லாய் வைத்திருப்பது என்றால் என்ன? துப்பரவாய் வைத்திருப்பது. மன்னாரில் உன் அப்பப்பா காணி வாங்கினாலும் அதுதான் முதல் வேலை, இங்கே ஒருவன் பின்வளவோடு வீடு வாங்கினாலும் அதுதான். உழுத்தது, விழுந்தது, சருகு, பற்றை எல்லாவற்றையும் வாரிக் கொளுத்திவிட்டு, பார் எவ்வளவு வடிவாய் இருக்கு என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பார்கள்.

அப்படித்தான் ஐப்பசி லோங் வீக்கென்டில் கோயில் ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனான். றெமிஜியஸ்தான் தலைவர், உனக்குத் தெரியுமே, அண்ணாவோடு மன்னாரில் ஒரே வகுப்பில் இருந்தவர், கோயில் பெருநாளுக்குப் பந்தல் போடுகிறவர். மரம் அரிகிற மெசின் இரண்டு, வாரிகள், ஒரு பெரிய சட்டியில் ஆட்டுக்கறி. விழுந்து கிடந்த மரமெல்லாம் இழுத்து எரித்தார்கள், பட்ட மரமெல்லாம் அரிந்தார்கள், அந்தக் கிழ மேப்பிளையும், இது உழுத்துப்போச்சு, பிள்ளையளின்ர தலையில விழும் என்று விழுத்தினார்கள். பின்னேரம் பார்த்தால் பெருநாளுக்கு முதல்நாள் கோயில் வளவு மாதிரி நிலம். அண்ணாவின் கை இரண்டும் கொப்பளம். அந்தக் கையால்தான் வீடியோ எடுத்து உனக்கு அனுப்பினான். அதில் றெமிஜியஸ் கத்தியது எனக்கு இப்போதும் பாடம், நிரூபா, பார், உன்ர பண்டியளுக்குப் பார்க் கட்டி விட்டிருக்கிறம், இனி அதுகள் கால் வலிக்காமல் வோக்கிங் போகலாம் என்று. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், எனக்கு என்ன தெரியும்.

உன் பதிலை அண்ணா காருக்குள் இருந்து வாசித்தான். நீ கொலைகாரன், இருக்கிறதுக்கு இடமில்லாமல் பண்ணிப்போட்டு எனக்குப் படம் காட்டுறியா, மிச்சத்தையும் வெட்டி வில், இனி என்னோட கதைக்காதை என்று எழுதியிருந்தாயாம். றீற்றாதான் பிறகு எனக்குச் சொன்னாள். அடுத்த நாள் மரம் வாங்குகிற வெள்ளைக்காரருக்குப் போன் எடுத்து, எல்லாத்தையும் வெட்டுங்கோ, ஒண்டும் விடவேண்டாம் என்றான். அவ்வளவுதான். உன் வாய் ஒரு வாய், அவன் வீம்பு ஒரு வீம்பு, இரண்டும் உன் அப்பாவிடம் இருந்து வந்தது, நான் தரவில்லை.

கோபத்தில் நீ ஒன்றை மறந்துவிட்டாய் பிள்ளை. நாங்கள் கனடாவுக்கு வந்த முதல் வருடம், மார்க்கம் றோட்டில் அந்த அப்பார்ட்மென்ற், இரண்டாம் மாடி. ஆறு வயதில் நீ பள்ளிக்கூடத்தில் ஒருவரோடும் கதைக்கமாட்டாய், வீட்டுக்கு வந்து பல்கனியில் குந்தியிருந்து ரக்கூனோடு கதைப்பாய். அதற்குக் கண்ணுக்கு மை பூசியிருக்கு அம்மா என்று சொல்லுவாய். நான் அவித்து வைத்த புட்டில் பாதியைக் களவாய்க் கொண்டுபோய் வைப்பாய், பிறகு அது குட்டிகளையும் கூட்டிக்கொண்டு வரத் தொடங்கி, கீழ்வீட்டுப் பல்கனியெல்லாம் நாசம். சூப்பரின்டென்ட் மேலே வந்து கத்து கத்தென்று கத்தினான், அப்பா நைற் வேலை முடித்துப் படுத்திருக்கிறார், எனக்கோ இங்கிலிஷ் இல்லை, நீ சோபாவுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாய். அண்ணாவுக்கு அப்போது பத்தொன்பது வயது, ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவிவிட்டு வந்து நிற்கிறான். நான்தான் வைச்சனான், என்ர பிழை என்று தன் தட்டுத் தடுமாறுகிற இங்கிலிஷில் சொன்னான். அந்தாள் போனபிறகு உன்னைத் தூக்கி எடுத்து, புட்டு வைக்கிறதெண்டால் தேங்காய்ப்பூவும் போட்டு வையடி, வெறும் புட்டு விக்கும் என்றான். நீ அழுதழுது சிரித்தாய். அன்றைக்கிருந்து ஒவ்வொரு பனிக்கும் உன்னைத் தோளில் வைத்து அந்த அப்பார்ட்மென்றுக்குப் பின்னால் இருந்த பள்ளத்துக்குக் கூட்டிக்கொண்டு போவான், பனியில் பதிந்த காலடிகளைப் பார்க்க. திரும்பி வரும்போது இரண்டு பேரின் சப்பாத்துக்குள்ளும் தண்ணீர். நான் ஹீற்றரில் காலுறையைக் காயப் போட்டுக்கொண்டே திட்டுவேன். எவ்வளவு நல்ல காலம் அது, அறை ஒன்று, ஆள் நாலு, இப்போது ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, ஒரு நாட்டுக்கு ஒரு பிள்ளை. அவன் படிக்காமல் வேலைக்குப் போனதால்தான் நீ படித்தாய் என்று நான் சொல்ல வரவில்லை. அவன் ஒருநாளும் சொல்லவில்லை, அதனால் நானும் சொல்லமாட்டேன்.

சரி, இனி புதுக்கதை. போன சனிக்கிழமை மரம் வாங்குகிறவர் வெட்டுவதற்கு முதல் ஒரு தரம் பார்க்க வருகிறார் என்று அண்ணா புறப்பட்டான். நிலம் உறைந்திருக்கும்போதுதான் மெசின் உள்ளே போகுமாம். நானும் வாறன் என்றேன். அம்மா, குளிர் எலும்புக்குள்ள போகும் என்றான். போகட்டும், வெட்ட முதல் மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தவேண்டும் என்றேன். நீ போனபிறகு ஆவணியில் மிட்லண்ட் மாதா திருநாளுக்குப் போய் வந்த கையோடு, வயல் ஓரத்தில் குவிந்து கிடந்த கல்லெல்லாம் பொறுக்கி அவன் காணியில் மடு மாதாவுக்குக் குகை மாதிரி ஒரு கெபி கட்டினான், நீ அதைப் பார்க்கவில்லை. முன்னுக்கு முழந்தாளிட ஒரு பலகை, உள்ளே மாதா, பின்னுக்குக் கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் பெரிய இடைவெளி. சீமெந்து முடிந்துபோச்சு, அடுத்த வருசம் அடைக்கிறன் என்று விட்டுவிட்டான், அவன் வேலை எப்போதும் அப்படித்தான்.

நிதுசன் என்னைக் கைத்தாங்கலாய்க் கொண்டுபோனான், பின்னால் றெமிஜியஸ் மண்வெட்டியோடு பனியை விலக்கிக்கொண்டு வருகிறார். கெபியடியில் இருந்து பைன் வரிசை வரைக்கும் பனியில் ஒரு தடம், யாரோ அரிசி மூட்டையை இழுத்துக்கொண்டு போன மாதிரி. முழந்தாளிடும் பலகையின் விளிம்பைக் காணவில்லை, அராவி அராவித் தின்றிருக்கிறது. கெபியின் அடியில் புழுக்கை ஒரு குவியல், மணம் சொல்லி வேலையில்லை. நிதுசன் போன் வெளிச்சத்தைப் பின்னுக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, அப்பம்மா, மாமியின்ர ஆள் இருக்கிறார் என்று கத்தினான். நானும் குனிந்து பார்த்தேன். மாதாவின் முதுகுக்குப் பின்னால், முள்ளெல்லாம் பனித்து, இரண்டு சின்னக் கண்.

வெள்ளைக்காரர் சிரித்தார். மனுசர் கை பட்ட பலகையில் வியர்வை உப்பு இருக்கும், அதற்காகத்தான் தின்கிறது என்றார். பிறகு பைன் மரங்களைக் காட்டி, உங்கள் மரங்களின் மேல்பட்டையை உரித்துத் தின்பதும் இதுதான், சுற்றி உரித்தால் மரம் செத்துவிடும், எனக்குத் தெரிந்த ஒருவர் வந்து பிடித்துக்கொண்டு போவார், சொல்லவா என்று கேட்டார். றெமிஜியசுக்குப் பொறுக்கவில்லை. அன்ரி, மாதாட காலடியில மூத்திரம் பெய்து வைச்சிருக்கு, விடுங்கோ, நான் ஒரு இடி இடிச்சுக் கலைக்கிறன் என்று மண்வெட்டியை ஓங்கினார். அண்ணா அந்தக் கையைப் பிடித்தான். விடு றெமி, அது மாதாட்ட வந்திருக்கு என்றான். டேய் மச்சான், இது பண்டியடா என்றார் றெமிஜியஸ். ஓம், மடுவுக்கு நாங்கள் போகேக்கையும் ஆரும் நீ ஆரெண்டு கேக்கேல்லை, எழும்பிப் போ எண்டும் சொல்லேல்லை என்றான் அண்ணா. ஓங்கிய மண்வெட்டி கீழே இறங்கியது. றெமிஜியசும் அங்கே இருந்தவர்தானே.

உனக்கு அது ஞாபகம் இராது, நீ கைக்குழந்தை. சண்டைக்குப் பயந்து உடுத்த உடுப்போடு ஓடிப்போய் மடுக் கோயில் வளவில் மரங்களுக்குக் கீழே கிடந்தோம், என் சேலையில் உனக்கு ஏணை கட்டியிருந்தது. மழை பெய்தால் அண்ணா ஏணைக்கு மேலே சாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பான், பதினான்கு வயசு, மழை விடுமட்டும் கையை இறக்கமாட்டான். அன்றைக்கு அந்தப் பனிக்குள் அவன் முகத்தில் நான் அந்தப் பெடியனைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தால் றெமிஜியஸ் மண்வெட்டியைப் பனியில் குத்திவிட்டு, சரி, இருக்கட்டும், ஆனால் பெருநாளுக்குக் காணிக்கை கேப்பன் என்றார், எல்லோரும் சிரித்துவிட்டோம்.

பிறகு அண்ணா வெள்ளைக்காரரோடு நெடுநேரம் கதைத்தான், நிதுசன்தான் எனக்குச் சொன்னது. முழுக்க வெட்ட வேண்டாம், வேறு வழி இல்லையா என்று கேட்டானாம். இருக்கிறதாம். மூன்று வரிசைக்கு ஒரு வரிசை எடுக்கலாம், மிச்ச மரம் பருக்கும், இடைவெளியில் வெயில் விழுந்து மேப்பிளும் மற்றதும் தானாய் முளைக்கும், கொப்புகளை எரிக்காமல் அப்படியே நிலத்தில் விடலாம், பட்ட மரத்தை நிற்கவிடலாம். ஆனால் இந்தப் பனிக்கு இல்லை, ஈஸ்டர் முடிய வந்து எந்த மரம் போகிறது எந்த மரம் நிற்கிறது என்று மரத்துக்கு மரம் பெயின்ற் அடிக்கவேண்டும், அடுத்த பனிக்கு வெட்டலாம் என்றாராம். அப்போது உன் அண்ணா, எந்த மரமெண்டு என்ர தங்கச்சி வந்து சொல்லுவாள், அவளுக்குத்தான் தெரியும் என்று சொல்லியிருக்கிறான். வருகிற வழியில், அப்ப அவளுக்குப் போன் எடன் ராசா என்று நான் கேட்டேன். அவள் என்னைக் கதைக்காதை எண்டவள் அம்மா, நான் எப்பிடிக் கதைக்கிறது என்கிறான். ஐம்பது வயதாகப் போகிறது, நீ சொன்ன சொல்லைத் தட்டாமல் இருக்கிறானாம்.

நிரூபா, நீ சொன்னதில் பிழை இல்லை. அந்த மேப்பிள் இனி வராது, அந்தப் பொந்து மாதிரி ஒன்று வர நான் போய், அவன் போய், மரியோவும் கிழவனாக வேண்டும் போல. கல்லுக்குள் இருக்கிற உயிர் இந்தப் பனியைத் தாண்டுமோ என்றும் எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று கேட்கிறேன். அங்கே கம்பனிக்காரருக்கு ஆற்றங்கரையை ஏன் விடவேண்டும் என்று எத்தனை தரம் போய்ப் பொறுமையாய்ச் சொல்லியிருப்பாய், படம் காட்டியிருப்பாய், அவர்கள் முகத்தைத் திருப்பினாலும் திரும்பப் போயிருப்பாய். அண்ணாவுக்கு ஒரே ஒரு தரம், அதுவும் கார் ஏறும்போது சொன்னாய். வெளியாருக்குக் காட்டிய பொறுமையில் கொஞ்சத்தை வீட்டுக்கும் எடுத்துவை. நீ வராவிட்டால் அந்த வெள்ளைக்காரர் தன் கண்ணுக்குப் பட்டபடி பெயின்ற் அடித்துவிட்டுப் போவார், அவருக்குப் பலகை தெரியும், மிச்சம் தெரியாது. ஈஸ்டருக்கு லீவு எடு. அதற்கு முதல், வருகிற சனிக்கிழமை எனக்குப் போன் எடுக்காதே, அவனுக்கு எடு. என்ன சொல்வது என்று தெரியாவிட்டால் மரியோ கேட்கிறதைப் பற்றிக் கதை, தன் பழைய ஹொக்கித் தடியைக் கொண்டுபோய்க் கெபியடியில் வைக்கவா, அதிலும் உப்பு இருக்கும்தானே என்று கேட்டபடி இருக்கிறான், தீனி வைக்கக் கூடாது என்கிறான் நிதுசன், இருவருக்கும் தினமும் சண்டை. சரியோ பிழையோ என்று நீதான் சொல்லவேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு, நனைந்த சப்பாத்தோடு இருக்காதே, தனியாய்க் காட்டுக்குள் போகாதே. கல்யாணம் பற்றி இந்தக் கடிதத்தில் ஒன்றும் எழுதவில்லை, அதையும் கவனித்துக்கொள். மடு மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கவேண்டும், அந்தோனியார் உன் வழியில் முன்னுக்கு நடக்கவேண்டும் என்று இரவிரவாய் மன்றாடுகிறேன்.

இன்னொன்று மட்டும். கெபிக்குள் மாதாவின் காலடியில் உன் படம் ஒன்று இருந்தது. அண்ணா கெபி கட்டிய அன்றைக்கே மரச்சட்டம் போட்டு வைத்தது, கடல் கடந்து காட்டுக்குள் நிற்கிற பிள்ளை என்று. நீ அப்படி எழுதியபிறகும் அவன் அதை எடுக்கவில்லை, அங்கே போகிற நேரமெல்லாம் கையுறையைக் கழற்றி, வெறுங்கையால் துடைத்துத் துடைத்து வைப்பான், நான் காருக்குள் இருந்து கண்டிருக்கிறேன். அவ்வளவு கை பட்டிருக்கிறது, முள்ளம்பன்றி சட்டம் முழுவதையும் தின்றுவிட்டது, ஈரத்தில் உன் முகமும் போய்விட்டது. அவன் அந்தத் துண்டுகளைப் பொறுக்கி ஜக்கெற் பொக்கற்றுக்குள் வைத்தான். அவன் உன்னிடம் கேட்கமாட்டான், அதனால் நான் கேட்கிறேன். போனுக்கு அனுப்பாதே, அதைக் கெபியில் வைக்க முடியாது. முகம் தெரிய, சிரித்தபடி, புதுப் படம் ஒன்று எடுத்து, கழுவி, தபாலில் போடு. அண்ணாவின் விலாசத்துக்குப் போடு.

உன் அன்பு அம்மா,
அருள்மலர்